ஒன்பது பெற்றவளிடம் சொன்ன பொய்

போன மாதம் பயிற்சி முடித்து வந்திருக்கும் ஒரு பெண் என்னிடம் கேட்டாள். "நாடி நின்னதுக்கப்புறம் நமக்கு என்ன சிஸ்டர் வேலை? ஆயாகிட்ட சொல்லிட்டு அடுத்த பெட்டுக்குப் போக வேண்டியதுதானே?" அவளை நான் திட்டவில்லை. ஆனால் கோபம் வந்தது. ஓய்வு பெற்றவளுக்குக் கோபப்பட உரிமை இல்லை என்று யாராவது நினைத்தால், அவர்கள் இதைப் படிக்க வேண்டாம்.

நர்ஸ் வேலைக்கு வரும் பெண்களே, இறந்தவருடைய உடம்பை எப்படித் துடைப்பது, தாடையை எப்படிக் கட்டுவது, கால் கட்டைவிரல்களை எப்படிச் சேர்த்து முடிவது என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. யாரிடம் எதைக் கேட்க வேண்டும், மேலே இருப்பவர் சொல்லும் எந்தச் சொல்லை மீற வேண்டும், மீறினால் என்ன விலை என்பது அந்தப் புத்தகத்தில் இல்லை. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. தப்புச் செய்துதான் கற்றுக்கொண்டேன்.

நான் பயிற்சிக்குச் சேர்ந்தது திருச்சிராப்பள்ளியில், பெண்களுக்கான ஓர் ஆஸ்பத்திரியில். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களின் பின்னால் கொதிகலன் வைத்துக் கரிப்புகையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் குடும்பம் பாலக்கரையில் வாடகைக்கு இருந்தது. நாங்கள் கிறிஸ்தவர்கள். அப்பாவுக்குப் பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை. நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரம்மா கிணற்றடியில் நின்றுகொண்டு கேட்பார். "இன்னைக்கு ஏதாச்சும் பிரேதத்தைத் தொட்டியா?" நான் "தொட்டேங்க, கை கழுவிட்டேன்" என்பேன். அன்றைக்கு எனக்குக் கிணற்றுத் தண்ணீர் கிடையாது, தெருக்குழாய்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்ல மனம் வரவில்லை. அந்த வயதில் எனக்கு அவ்வளவு வீம்பு.

முதல் தப்பு ஸ்ரீரங்கத்து அம்மாள் ஒருவரின் விஷயத்தில் நடந்தது. கோயில் கைங்கரியக் குடும்பம். ஈரலில் நோய். ஒரு வாரம் கிடந்துவிட்டுக் காலையில் போய்விட்டார். இறந்தவர் மேலிருக்கும் நகைகளைக் கழற்றி உறையில் போட்டு, பெயர் எழுதி, உறவினரிடம் தர வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. நான் விதிப்படி மூக்குத்தியைக் கழற்றினேன், வளையலைக் கழற்றினேன், கழுத்திலிருந்த திருமாங்கல்யத்தையும் கழற்றினேன். நெற்றியில் இருந்ததையும் ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டேன். உறையைக் கொண்டுபோய் அவருடைய நாத்தனாரிடம் நீட்டினேன். அந்த அம்மாள் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எங்க அண்ணா வாசல்ல உக்காந்துண்டிருக்கார். பெருமாள் அவளை சுமங்கலியா அழைச்சுண்டார்னு இப்பத்தான் மனசைத் தேத்திண்டிருந்தோம். நீ அவளை இப்படி மூளியா நிறுத்திட்டியேம்மா" என்றார்.

 தாலியை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடிப்போய்த் திரும்பக் கட்டிவிட்டேன்.  நான் செய்தது விதி. விதி எழுதியவருக்குத் தாலி என்றால் இத்தனை குன்றிமணித் தங்கம், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். உடம்பைத் தொடும் முன் வெளியே போய் வீட்டாரிடம் கேட்பேன். "உங்க வழக்கம் என்னங்க? எதைச் செய்யணும், எதைச் செய்யக் கூடாது?" இரண்டு நிமிஷ வேலை. அந்தக் கேள்விதான் அடுத்த வருஷம் என்னை வம்பில் மாட்டிவிட்டது.

முசிறிப் பாதையில் ஆற்றை ஒட்டி ஒரு சிற்றூர். அங்கிருந்து பொன்னம்மா என்ற பெண்ணை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். பத்தொன்பது வயது, ஒன்பதாம் மாதம், தலைப்பிரசவம். வழியெல்லாம் வலிப்பு. வார்டில் படுக்க வைத்தபோதே குழந்தையின் துடிப்பு கேட்கவில்லை. எங்கள் லேடி டாக்டர் என்னென்னவோ செய்து பார்த்தார். காலை பத்து மணிக்குள் பொன்னம்மாவும் போய்விட்டாள்.

அவளுடைய அம்மா பெயர் வீராயி. மெலிந்து உயர்ந்த உடம்பு, வாழைத்தோட்டத்தில் வேலை செய்து காய்ப்பேறிய கை. மாப்பிள்ளை வெளியே வண்டிக்காளைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே வரும் தைரியம் அவருக்கு இல்லை. நான் வீராயியை வராந்தாவுக்கு அழைத்துப் போய் என் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"வழக்கமா?" என்றார் அவர்.  பிறகு மெதுவாகச் சொன்னார். "ரெண்டு உசுரு ஒண்ணா போனா ஒண்ணா அனுப்பக் கூடாதும்மா. பிள்ளையப் பிரிச்சு எடுத்துத் தனியாப் பொதைக்கணும். அதுக்கப்புறம்தான் இவளுக்கு நெருப்பு. இல்லேன்னா ஊர்ல விட மாட்டாங்க."

"யாரு பிரிப்பாங்க?"

"சுடுகாட்டுல வச்சு, எங்க ஊரு மருத்துவச்சி அருவாளால கீறி எடுக்கும். ஆம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்பி நிப்பாங்க. எல்லாரும் திரும்புறதில்ல நர்ஸம்மா. எங்க அக்காவுக்கு நடந்தப்ப நான் பாத்திருக்கேன்." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கத்தி வச்சிருக்கீங்க. மறைப்பு இருக்கு. இங்கயே எடுத்துக் குடுத்துடுங்க தாயி. எம் பொண்ண அங்க கொண்டுபோய் அவுத்துப் போட வேணாம்."

இது மூட வழக்கமா இல்லையா என்று நீங்கள் உங்கள் விடுதியில் பட்டிமன்றம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு அதை யோசிக்கவில்லை. அந்த ஊர் மாறப் போவதில்லை. சாயங்காலத்துக்குள் பொன்னம்மாவின் வயிறு எப்படியும் கிழிபடும். எங்கே, யார் கையால், யார் கண்முன் என்பது மட்டும்தான் மிச்சம்.

நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரனிடம் போனேன். அவர் இங்கிலாந்திலிருந்து வந்தவர். முன்ஷி வைத்துத் தமிழ் படித்ததால் எங்களிடம் அச்சுப் புத்தகம் போலப் பேசுவார். நல்லவர்தான், காலரா வந்த வருஷம் ஒரு நாளும் வார்டை விட்டு நகராதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உயிரோடு இருப்பவர்களுக்கு நாம் அறுவை செய்கிறோம். இறந்தவர்களுக்குச் செய்வதில்லை. இதற்கு அனுமதி இல்லை."

"அந்தம்மா காத்துக்கிட்டு இருக்காங்க, மேட்ரன்."

"எடுத்துவிட்டோம் என்று சொல். வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டிவிடு. வண்டி புறப்படட்டும்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "இது பொய் அன்று. இது ஆறுதல்."

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். மேட்ரன் சொன்னார் என்று அவர் தலையில் கட்டிவிட்டுத் தப்பிக்க மாட்டேன். சொன்னது அவர், செய்தது என் கை. திரையை இழுத்துவிட்டு, பிரசவித்த பெண்களுக்குக் கட்டுவது போல அகலத் துணியை மூன்று சுற்று சுற்றி, என் பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். மேலே புடவையைப் போர்த்தினேன். பார்ப்பதற்கு வயிறு கொஞ்சம் தணிந்துதான் தெரிந்தது. வீராயியை உள்ளே கூப்பிட்டு, "ஆச்சும்மா, எடுத்தாச்சு" என்றேன்.

"பிள்ளை எங்கம்மா?"

அந்தக் கேள்வி வரும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒரு பொய்யைச் சொல்லப் போகிறவள் அதற்கு அடுத்த பொய்யையும் கையில் வைத்திருக்க வேண்டும். "ஆஸ்பத்திரியிலேயே பொதைச்சிருவோம், நீங்க கவலைப்படாதீங்க" என்று உளறினேன்.

வீராயி சரி என்றார். மடியிலிருந்து மஞ்சள் கிழங்கை எடுத்து, தரைக் கல்லில் உரசி, மகளின் முகத்தில் பூசினார், கையில் பூசினார். பிறகு புடவைக்கு மேலேயே வயிற்றின் மீது கையை வைத்தார். தடவிக் கொடுக்கத்தான் வைத்தார் என்று நினைக்கிறேன். கை அங்கேயே நின்றது. கொஞ்சம் அழுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நர்ஸம்மா, நான் ஒம்போது பெத்தவ" என்றார்.

அவர் சத்தம் போட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். அவர் போடவில்லை. தலையைக் குனிந்து மகளின் புடவையைச் சரி செய்துகொண்டே சொன்னார். "முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே. அருவாளுக்கே மனச தேத்திக்கிட்டுப் போயிருப்பேன். இப்ப ஊர்ல போயி எடுத்தாச்சுன்னு சொல்லி, அப்புறம் அங்க அவுத்துப் பாத்திருந்தா என் பொண்ணு மானம் என்ன ஆகியிருக்கும்?"

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கூசுகிறது. ஆறுதலாம். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எத்தனை பொய்களை நாம் சொல்கிறோம் தெரியுமா? கேட்கிறவளுக்கு ஆறுதலா, சொல்லிவிட்டுக் கை கழுவுகிறவளுக்கு ஆறுதலா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். "இங்கயே இருங்க, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

லேடி டாக்டர் குவார்ட்டர்ஸில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மெட்ராஸில் படித்துவிட்டு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான் சொன்ன பொய்யையும் விடாமல் சொன்னேன்.

"இறந்தவங்களுக்கு ஆபரேஷன் பண்ணணும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?" என்றார்.

"உங்களுக்குத் தெரியலையா டாக்டர், இல்ல பயமா?"

ஒரு பயிற்சி நர்ஸ் டாக்டரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? ஆனாலும் கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயம்தான்" என்றார்.

"எனக்கும் பயம்தான். வாங்க, போலாம். யாராவது கேட்டா உங்க பேரைச் சொல்ல மாட்டேன்."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

ஆபரேஷன் தியேட்டர் சாவி மேட்ரனிடம் இருந்தது. அதனால் வார்டுக்குப் பின்னால், பிரேதங்களைக் குளிப்பாட்டும் சின்ன அறையில், சிமெண்டு மேடையில் வைத்துச் செய்தோம். ஜன்னலுக்குப் போர்வை கட்டினேன். வீராயியை வெளியே இருக்கச் சொன்னோம், அவர் மறுத்துவிட்டார். மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவள் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஆண் குழந்தை. தலை நிறைய முடி. அதைக் கழுவித் துடைத்துக் கொடுத்தபோது வீராயி தன் முந்தானையைக் கிழித்து அதில் சுற்றிக்கொண்டார்.

டாக்டர் தைக்க ஆரம்பித்தார். சவப்பரிசோதனை முடித்தவர்களுக்குப் போடுவது போல, கோணி தைக்கிற மாதிரி எட்ட எட்ட இழுத்தார். அவர் மேல் குற்றம் இல்லை, அப்படித்தான் அவருக்குக் கற்பித்திருந்தார்கள். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "உயிரோட இருக்கிறவங்களுக்கு இப்படியா டாக்டர் போடுவீங்க?" அவர் என்னைப் பார்த்தார், வீராயியைப் பார்த்தார். போட்ட நூலை வெட்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தைத்தார். சின்னச் சின்னத் தையல், ஒரே அளவு. அதற்கு அரைமணி நேரம் கூடுதலாக ஆனது. வீணான அரைமணி என்று யாராவது சொன்னால் எனக்கு அவர்களோடு பேச எதுவும் இல்லை.

பிறகு நானும் வீராயியுமாகக் குளிப்பாட்டினோம். வண்டியில் மகளுக்குப் போர்த்திவந்த கல்யாணப் புடவையை வீராயி எடுத்துவந்தார், அதை உடுத்தினோம். தாலியை நான் தொடவில்லை. குங்குமம் அவரே வைத்தார். வார்டில் பிரசவித்துக் கிடந்த ஒரு பெண் தன் தலையிலிருந்த பூவைக் கழற்றி அனுப்பினாள். இரண்டு மணி சுமாருக்கு வண்டி புறப்பட்டது. வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய்ச் சேரலாம்.

மறைக்க நினைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, அறை முழுக்க ஈரம். மறுநாள் காலை, ஆஸ்பத்திரிப் பொறுப்பிலிருந்த பெரிய டாக்டரின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேட்ரன் ஜன்னலோரம் நின்றிருந்தார். மேஜையில் தட்டச்சு செய்த ஒரு மன்னிப்புக் கடிதம் தயாராக இருந்தது. உத்தரவை மீறினேன், உறவினரை ஏமாற்றினேன், இரண்டுக்கும் வருந்துகிறேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு போய்விடும். போடாவிட்டால் அந்த வருஷப் பரீட்சைக்கு என் பெயர் போகாது.

"நீ செய்த காரியம் வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?" என்றார் மேட்ரன். "ஆஸ்பத்திரிக்குப் போனால் செத்த பிறகும் வயிற்றைக் கிழிப்பார்கள் என்று கிராமத்தில் பேசுவார்கள். ஒரு கர்ப்பிணியும் இங்கே வரமாட்டாள். வீட்டிலேயே சாவார்கள். அதை யோசித்தாயா?"

யோசிக்கவில்லை. நியாயமான பயம்தான் அது.  கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். பேனாவை வாங்கி, உத்தரவை மீறினேன் என்ற வரியை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கோடு போட்டு அடித்தேன்.

"மீறினது நெஜம்" என்றேன். "வருத்தம் இல்ல. ஏமாத்தினதும் நான்தான், ஆனா பதினோரு மணிக்கு ஏமாத்தினேன், ரெண்டு மணிக்குள்ள அதை நெஜமாக்கிட்டேன். அந்தப் பொய்யை யார் சொல்லச் சொன்னாங்கன்னு எழுதணும்னா அதையும் சேர்த்து எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

பெரிய டாக்டர் மேட்ரனைப் பார்த்தார். மேட்ரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரத்தில் யாரும் கூப்பிடாமலே லேடி டாக்டர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். "கத்தி பிடிச்சது நான், சார். இவளுக்கு ஆபரேஷன் பண்ணத் தெரியாது" என்றார். நான் அவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் அந்த வாக்கை எனக்குத் தேவையில்லாமல் ஆக்கிவிட்டார்.

அவரை இரண்டு மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றினார்கள். எனக்குப் பரீட்சை போனது. என்னோடு சேர்ந்தவர்கள் தேறி, தொப்பியில் பட்டி வைத்துக்கொண்டு நடந்தபோது நான் துணி அறையில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷம். அழவில்லை என்று சொன்னால் பொய். அழுதேன், ஆனால் அந்தக் கடிதத்துக்காக ஒரு நாளும் வருந்தவில்லை. அப்பா மட்டும் வீட்டில் ஒருமுறை கேட்டார், "அடிச்ச வரிய மறுபடி எழுதிக் குடுத்துடேன்." மாட்டேன் என்றேன். அவர் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வருஷம் முடிவதற்குள், ஒரு மழைக்காலத்துக் காலையில், மேட்ரனே துணி அறை வாசலில் வந்து நின்றார். அவர் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. "உன்னைக் கேட்கிறார்கள். கையைக் கழுவிக்கொண்டு வா" என்றார். 

பிரசவ வார்டு வாசலில் வீராயி நின்றிருந்தார். பஸ்ஸின் கரிப்புகை படிந்த புடவை. அவர் கைத்தாங்கலில் இடுப்பைப் பிடித்தபடி ஒரு நிறைமாதப் பெண், பொன்னம்மாவின் அதே முகச்சாயல். அவர்களுக்குப் பின்னால் அதே ஊர்ப் பெண்கள் இரண்டு பேர். இருவருக்கும் வயிறு தெரிந்தது. ஆயாவும் புது டாக்டரும் பெண்ணை உள்ளே படுக்க வைக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வீராயி விடாமல் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் மகளின் கையை எடுத்து என் கையில் வைத்தார்.

"இவ சின்னவ. பொழச்சு வந்தா கூட்டிட்டுப் போறேன். போயிட்டான்னாலும் உங்க கையாலதான் போகணும்" என்றார்.

பிரசவத்துக்கு வந்தவள் முன்னால் எந்தத் தாயும் சொல்லத் துணியாத பேச்சு அது. ஆயா காதைப் பொத்திக்கொண்டாள். மேட்ரன் என் தோளுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நான் திரும்பி அவரிடம் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அப்போது அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது, எனக்கு நேரம் இல்லை.

சின்னவள் பிழைத்தாள், அவள் குழந்தையும் பிழைத்தது. ஆனால் வீராயி அவள் கையை என்னிடம் கொடுத்தது அதற்கெல்லாம் முன்பு, பிழைப்பாளா மாட்டாளா என்று எங்கள் யாருக்கும் தெரியாதபோது.